மூன்று எண்களின் கணக்கு

வளாகத்தில் பிக்கிள்பால் ஆடும் பிள்ளைகள் "4, 2, 1" என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். இரட்டையர் ஆட்டத்தில் முதல் எண் சர்வீஸ் செய்யும் அணியின் புள்ளி, அடுத்தது எதிரணியுடையது. கடைசி எண்ணோ புள்ளியே அன்று. சர்வீஸ் செய்பவர் அவ்வணியின் முதலாமவரா, இரண்டாமவரா என்பதையே அது குறிக்கிறது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

வழக்கமான முறையில் சர்வீஸ் செய்யும் அணிக்கே புள்ளி உண்டு. எதிரணி எத்தனை அழகாய் அடித்து வென்றாலும் புள்ளி சேராது. இருவரும் அடுத்தடுத்துத் தோற்றபின்பே சர்வீஸ் அதன் கைக்கு வரும். தொடக்கத்தில் மட்டும் "0, 0, 2" என்பார்கள். முந்திச் சர்வீஸ் பெற்ற அணி அதிக அனுகூலம் அடையாதபடி அதில் ஒருவருக்கே வாய்ப்பு. நியாயமான ஏற்பாடுதான்!

11 புள்ளி எடுத்தால் வெற்றி. ஆயினும் 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். 10-10 என்று செவியில் விழுந்தால், பிள்ளைகளைச் சாப்பிட அழைக்கச் சற்றுப் பொறுங்கள்.