சிறிய பள்ளியை விழுக்காட்டால் அளக்கலாமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். "உனக்கு எத்தனை ஏ?" என்பது ஒன்று. "உன் பள்ளி எத்தனை விழுக்காடு?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான பதில் சான்றிதழில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதிலை, அதுவும் சிறிய பள்ளி என்றால், அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 200 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு மாணவர் தவறினால் தேர்ச்சி அரை விழுக்காடுதான் குறையும். 8 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 12.5 விழுக்காடு சரியும். பள்ளிச் சராசரிப் புள்ளிக்கும் இதே கதிதான். எஸ்.பி.எம்.மில் ஏ பிளஸுக்கு 0, ஜி-க்கு 9 என்று கணக்கிடுகிறார்கள். சராசரி குறைவாக இருந்தால் நல்லது. ஒரு பாடத்தில் 'சி' வாங்க வேண்டிய ஒருவர் 'ஜி' வாங்கிவிட்டால் 8 பேர் கொண்ட பள்ளியில் அந்தப் பாடத்தின் சராசரி 0.375 புள்ளி மோசமாகும். 200 பேர் கொண்ட பள்ளியில் அது 0.015 மட்டுமே. அதே ஆசிரியர், அதே பாடம், அதே உழைப்பு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே போதும், மறுநாள் "பள்ளி பின்னடைவு" என்று பேச்சு கிளம்பிவிடும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். எங்களுக்கு முந்திய ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். எழுதிய 9 பேரில் 8 பேர் தேர்ச்சி பெற்றார்கள். எங்கள் ஆண்டில் 11 பேரில் 7 பேர். "அந்தப் பள்ளி கெட்டுப்போச்சு" என்று கோயில் திருவிழாவில்கூடப் பேசினார்கள். அடுத்த ஜனவரியில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு மாற்றின. யாரும் கேட்காத ஒன்று உண்டு. தவறிய 4 பேரில் இருவர், ஐந்தாம் ஆண்டில் வேறு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள். வரும்போது எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் அவர்களைச் சரளமாக வாசிக்க வைத்தார் எங்கள் ஆசிரியை. அந்த உழைப்புக்கு விழுக்காட்டில் இடமில்லை.

கோலசிலாங்கூரிலும் உலுசிலாங்கூரிலும் பள்ளிகள் ஏன் இவ்வளவு சிறுத்துப்போயின என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித் தோட்டத்துக்கு ஒன்றாகப் பிறந்தவை நம் பள்ளிகள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகள் காலியாகின. குடும்பங்கள் ஈஜோக், புஞ்சாக் ஆலாம், சுங்கை பூலோ என்று வீடமைப்புப் பகுதிகளுக்குப் போயின. தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். மக்கள் போன பிறகும் பள்ளி அதே இடத்தில் நிற்கிறது. இன்று 150 பேருக்குக் குறைவாக இருந்தால் அது 'மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி'. 30 பேருக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைக்கும் நிலை. பள்ளி சிறுத்ததற்கு ஆசிரியரோ மாணவரோ காரணமில்லை. ஆனால் விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மட்டும் அவர்கள்தான்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணும். எழுத வராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. நம் நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி கிடையாது. 8 பேர் வகுப்பிலிருந்து போகும் பிள்ளை, ஆயிரம் பேர் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில், மலாய்மொழியில் எல்லாப் பாடங்களையும் படிக்க வேண்டும். சிலருக்கு அதற்கு முன் புதுமுக வகுப்பு ஓராண்டு. தோட்டத்திலிருந்து விடியும் முன்னே பஸ் ஏற வேண்டும். தாய்மொழி வகுப்பு கேட்க வேண்டுமென்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கோர வேண்டும். 12 பேர் மட்டும் இருந்தால் அந்தக் கோரிக்கைக்கே வலுவில்லை. இத்தனைக்கும் நடுவில் எத்தனை பேர் சத்தமில்லாமல் நின்றுபோகிறார்கள்? 2021இல் யு.பி.எஸ்.ஆரும் 2022இல் பி.டி.3-உம் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளை வழியில் எங்கே தடுமாறுகிறது என்று காட்டும் பொதுத்தேர்வும் இல்லாமல் போனது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பது பலருக்கு ஐந்தாம் படிவத்தில்தான் உறைக்கிறது.

உலுசிலாங்கூரின் களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் நடத்தும் வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியை விட்டு நின்றுபோன, நின்றுபோகும் நிலையில் இருக்கும் இந்திய இளைஞர்களை அங்கே தங்கவைத்துக் கைத்தொழிலும் வாழ்க்கைத் திறனும் கற்றுத் தருகிறார்கள். மற்ற பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகளையே தேடிச் சேர்க்கும் ஓரிடத்தை 'எத்தனை ஏ?' என்று அளந்தால் அது கடைசியில்தான் நிற்கும். கைவிட்ட பள்ளியோ, அந்தப் பிள்ளை கணக்கில் இல்லாததால், மேலே நிற்கும்! பட்டியலில் உயர்வதற்குச் சுலபமான வழி, பலவீனமான மாணவர் வராமல் இருப்பதுதான் என்றால், அந்தப் பட்டியல் யாருக்கு நல்லது?

சிறிய பள்ளி என்றால் எல்லாம் மன்னிக்கத்தக்கது என்று நான் சொல்லவில்லை. 8 பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கத் தெரியாமல் வெளியேறினால் அதற்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. 40 பேர் வகுப்பில் ஒளிந்துகொள்ளலாம், இங்கே முடியாது. அறிவியல் பிரிவு, கால்பந்துக் குழு, போட்டி போட நண்பர்கள் என்று பெரிய பள்ளி தரும் வாய்ப்புகளும் உண்மை. அதற்காகப் பிள்ளையை மாற்றும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஓராண்டு விழுக்காட்டைப் பார்த்துப் பயந்து மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அளப்பதென்றால் சரியாக அளப்போம். சிறிய பள்ளிகளின் முடிவை விழுக்காட்டில் சொல்லாமல் "11 பேரில் 7 பேர்" என்று எண்ணிக்கையில் சொல்லட்டும். ஓராண்டை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாம் படிவத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத் தேர்வு மண்டபத்துக்குள் போனார்கள் என்பதை ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியும் சொல்லட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம்.

மாணவர்களே, அதுவரை நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் ஆறாம் ஆண்டு வகுப்புப் படத்தை எடுத்து ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். யார் எஸ்.பி.எம். எழுதினார்கள், யார் எழுதவில்லை? நான் பார்த்தேன். எங்கள் 11 பேரில் 8 பேர் எழுதினோம். யு.பி.எஸ்.ஆரில் தவறிய ஒருவன் புதுமுக வகுப்பில் படித்து, தொழிற்கல்லூரிக்குப் போய், இன்று மின்பணியாளராக இருக்கிறான். நன்றாகத் தேறிய ஒருத்தி, அம்மாவுக்கு உடல்நலம் கெட்டதால், நான்காம் படிவத்தோடு நின்றுவிட்டாள். அவளைப் பற்றி எங்கள் பள்ளியின் 7 பேர் தேர்ச்சிக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. நானும் விசாரிக்க ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

எஸ்.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். உங்கள் படத்தில் விடுபட்ட முகத்துக்கு இந்த வாரமே ஓர் அழைப்பு விடுத்து, அதை மட்டுமாவது சொல்லுங்கள்.