31-ம் நம்பர் ஜெர்சியும் அதற்குள் இருந்த ஆளும்

4.8 விநாடியில் என்ன செய்ய முடியும்? இரண்டு தடவை தும்மலாம். செருப்பை மாட்டலாம். 1995 மார்ச் 19 அன்று, அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில், டயஸ் எட்னி என்ற ஆட்டக்காரர் அந்த 4.8 விநாடிக்குள் 94 அடி நீள ஆடுகளத்தைப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடிக் கடந்தார். தன்னைவிட எத்தனையோ உயரமான ஆட்களின் கைகளுக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். மிஸௌரி அணி 75-74 என்று வீட்டுக்குப் போனது. அந்தப் பந்து மட்டும் வெளியே போயிருந்தால் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்து அணியின் அந்த வருடக் கதை இரண்டாவது சுற்றோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. ஏப்ரல் 3 அன்று சியாட்டிலின் கிங்டோம் அரங்கில் இறுதி ஆட்டம். எதிரே முந்தைய வருடத்துச் சாம்பியன் ஆர்கன்சாஸ். அரையிறுதியில் மணிக்கட்டில் அடிபட்டிருந்த எட்னியால் மூன்று நிமிடம்கூட ஆட முடியவில்லை. அவர் இடத்துக்கு கேமரன் டாலர் வந்தார். முதலாண்டு மாணவர் டோபி பெய்லி 26 புள்ளி எடுத்தார். இவர்கள் எல்லோருக்கும் மேலே எட் ஓபானன். இடதுகைக்காரர், 31-ம் நம்பர் ஜெர்சி. 30 புள்ளி, 17 ரீபவுண்ட். 89-78. களத்தில் 31 வெற்றி, 2 தோல்வியோடு சீசன் முடிந்தது. ஜான் வூடன் பயிற்சியாளராக இருந்த 1975-க்கு அப்புறம் 20 வருடம் கழித்து யு.சி.எல்.ஏ.வுக்குக் கிடைத்த சாம்பியன் பட்டம். மொத்தத்தில் 11-வது.

இந்த ஓபானனுக்கு 1990-ல், கல்லூரியில் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னாலேயே, முழங்கால் தசைநார் அறுந்துபோனது. இறந்துபோன ஒருவரின் தசைநாரை எடுத்து வைத்துத்தான் காலைச் சரி செய்தார்கள். அந்தக் காலோடு ஓடித்தான் கோப்பையைக் கொண்டுவந்தார்.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்கிற கதை. கைதட்டி முடித்தாயிற்றா? இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த சீசன் யாருடையது?

"இதென்ன கேள்வி, ஜெயித்த அணியுடையது" என்பீர்கள். அங்கேதான் தப்பு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆள்கிற என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கணக்குப்படி, ஆடியவர்களைத் தவிர மற்ற எல்லோருடையதும் அது. கல்லூரியுடையது. பயிற்சியாளருடையது. டிவிக்காரருடையது. காலணிக் கம்பெனியுடையது. கல்யாண வீட்டில் விடிய விடியச் சமைத்தவருக்கு மட்டும் பந்தியில் இலை போடாத கதை.

கொஞ்சம் எண்களைப் பார்க்கலாம். இந்தப் போட்டித் தொடரை ஒளிபரப்ப சி.பி.எஸ். டிவி 1989-ல் ஏழு வருடத்துக்கு ஒப்புக்கொண்ட தொகை 100 கோடி டாலர். 1999-ல் 11 வருடத்துக்கு 600 கோடி. 2010-ல் டர்னர் நிறுவனத்தோடு சேர்ந்து 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர். இந்த ஒவ்வொரு ஒப்பந்தமும் கையெழுத்தானபோது, ஆட்டக்காரருக்குச் சம்பளமாகக் கொடுக்க அனுமதிக்கப்பட்ட தொகை எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். ஸ்காலர்ஷிப் உண்டு. படிப்புக் கட்டணம், தங்க இடம், சாப்பாடு, புத்தகம். அதற்கு மேல் யாராவது கையில் நாலு காசு கொடுத்தால் ஆட்டக்காரர் குற்றவாளி.

பயிற்சியாளருக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. 1970-களின் கடைசியிலேயே ஸானி வக்காரோ என்ற நைக்கி ஆள் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து, அவர்களுடைய பையன்கள் காலில் நைக்கி காலணியை மாட்டிவிட்டார். காலணி ஏறியது பையன் காலில், காசோலை போனது பயிற்சியாளர் பையில். இதற்குப் பெயர் வியாபாரம். அதே காசைப் பையன் வாங்கினால் அதற்குப் பெயர் ஊழல். என்ன நியாயம் சார் இது?

கேட்டால் ஒரு மந்திரம் சொல்வார்கள். "அவர்கள் மாணவ-விளையாட்டு வீரர்கள்." கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! அந்தச் சொல் பிறந்த கதை தெரிந்தால் அந்தக் கௌரவம் கழன்று விழும். 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய ரே டெனிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் செத்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கிற இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்று சொல்லிவிட்டது. கல்லூரி ஒன்றும் கால்பந்துத் தொழில் நடத்தவில்லையாம். இந்த மாதிரி வழக்குகளில் ஆட்டக்காரரைத் தொழிலாளி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் "மாணவ-விளையாட்டு வீரர்" என்ற சொல்லையே உருவாக்கிப் பரப்பினார்கள். இதைச் சொன்னது எதிரி இல்லை. 1951 முதல் 1988 வரை என்.சி.ஏ.ஏ.வுக்குத் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ், பதவியை விட்டபிறகு தன் புத்தகத்தில் அவரே எழுதி வைத்தார். அந்தப் புத்தகம் வந்த வருடம் 1995. ஓபானன் கோப்பையைத் தூக்கிய அதே வருடம்!

அடுத்த மந்திரம்: "இலவசமாகப் படிப்புக் கொடுக்கிறோமே, அதன் மதிப்பு லட்சக்கணக்கில் இருக்குமே." நல்லது. இதற்கு இரண்டு பதில் உண்டு.

ஒன்று, அந்தக் காலத்து ஸ்காலர்ஷிப் நாலு வருடத்துக்கு உறுதியானது இல்லை. 1973-லிருந்து அது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய ஒன்று. பல வருட ஸ்காலர்ஷிப்பை மறுபடி அனுமதித்தது 2012-ல்தான். காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தாலோ பயிற்சியாளருக்குப் பிடிக்காமல் போனாலோ அடுத்த வருடம் நிச்சயமில்லை. முதலாளி நினைத்தால் நிறுத்திவிடலாம் என்றால் அதற்குப் பெயர் பரிசா, கூலியா?

இரண்டு, படிக்க நேரம் எங்கே? ஓபானன் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது வாரத்துக்கு 40-45 மணி நேரம் கூடைப்பந்துக்கும் சுமார் 12 மணி நேரம் படிப்புக்கும் போனதாகச் சொன்னார். மாணவர் வேஷம் போட்ட விளையாட்டு வீரராகத்தான் அங்கே இருந்ததாக ஒப்புக்கொண்டார். முழுநேர வேலையை வாங்கிக்கொண்டு, பகுதி நேரப் படிப்பைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, அதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

சரி, கல்லூரியை விட்டுப் போனபிறகாவது கணக்குத் தீர்ந்ததா? ஓபானன் என்.பி.ஏ.வில் இரண்டு சீசன் ஆடினார். அப்புறம் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் ஆடினார். கடைசியில் லாஸ் வேகாஸ் பக்கம் கார் விற்கிற வேலைக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் நண்பர் வீட்டுக்குப் போனால், அங்கே டிவியில் ஓடுகிற வீடியோ கேமில் அவரே ஓடிக்கொண்டிருக்கிறார்! 1995 யு.சி.எல்.ஏ. அணி, 31-ம் நம்பர், அதே மொட்டைத் தலை, அதே இடதுகை. பெயர் மட்டும் இல்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். அந்த கேமுக்கு வீட்டுக்காரர் பணம் கொடுத்திருக்கிறார், அதில் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்பது உறைத்தபோதுதான் சந்தோஷம் போனது.

இதுதான் விஷயத்தின் மையம். ஓபானன் அப்போது மாணவர் இல்லை. ஸ்காலர்ஷிப் வாங்கவில்லை. யு.சி.எல்.ஏ.வை விட்டுப் போய் 14 வருடம் ஆகிவிட்டது. "மாணவர்களைப் பணத்திலிருந்து காப்பாற்றுகிறோம்" என்ற சாக்கு இங்கே எப்படிச் செல்லும்? குடும்பத்தோடு வாழ்கிற ஒரு கார் விற்பனையாளரை எதிலிருந்து காப்பாற்றினார்கள்? அவருடைய உடம்பு, அவருடைய நடை, அவருடைய கை வாக்கு வரைக்கும் விற்றார்கள். விற்ற காசை அவரைத் தவிர எல்லோரும் பிரித்துக்கொண்டார்கள்.

2009 ஜூலையில் அவர் வழக்குப் போட்டார். ஒரு காலத்தில் பயிற்சியாளர்களுக்குக் காலணிக் காசு கொடுத்த அதே வக்காரோதான் ஓபானன் பக்கம் நின்றார் என்பது இன்னொரு வேடிக்கை. 2014 ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கென், என்.சி.ஏ.ஏ. விதிகள் போட்டித் தடைச் சட்டத்தை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தார். வருடத்துக்கு 5,000 டாலர் வரை தனியாக எடுத்து வைத்து, படிப்பு முடிந்ததும் கொடுக்கலாம் என்று அவர் சொன்ன பகுதியை மட்டும் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டிவிட்டது. ஆனால் அணை உடைந்தாயிற்று. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் என்ற இன்னொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசம்: பழைய பாக்கியாக சுமார் 280 கோடி டாலர்; இனி ஒவ்வொரு கல்லூரியும் வருடத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேராகவே பிரித்துக் கொடுக்கலாம்.

இப்போது புதிதாக ஒரு ஒப்பாரி கேட்கிறது. "பணம் வந்து கல்லூரி விளையாட்டின் புனிதம் கெட்டுவிட்டது. பணக்காரக் கல்லூரி ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குகிறது. வருடா வருடம் பையன்கள் கல்லூரி மாறுகிறார்கள்."

பணம் வந்ததா? எப்போது போயிருந்தது? 1989-ல் வந்த 100 கோடி டாலர் என்ன, கோயில் உண்டியலா? பணம் எப்போதும் இருந்தது. போய்ச் சேருகிற விலாசம் மட்டும்தான் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. பயிற்சியாளர் அதிகச் சம்பளத்துக்காக வேறு கல்லூரிக்குத் தாவியபோது "முன்னேற்றம்" என்றவர்கள், பையன் தாவினால் "விசுவாசம் இல்லை" என்கிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 280 கோடியில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. பெண்கள் நியாயம் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். சின்னக் கல்லூரிகள் திணறுவதும் உண்மை. ஆனால் இதெல்லாம் எப்படிப் பங்கு போடுவது என்ற சண்டை. பந்தியில் சாம்பார் சரியாகப் பரிமாறவில்லை என்பதற்காகச் சமைத்தவரை மறுபடி பட்டினி போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பெரிய அநியாயம் இன்னமும் பாக்கி இருக்கிறது. அந்த 280 கோடி 2016-லிருந்து ஆடியவர்களுக்குத்தான். 1995 அணிக்கு அதில் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஓபானன் வழக்கிலேயே விசாரணைக்கு முன்னால் நஷ்ட ஈடு கோரிக்கையைக் கைவிட்டு, விதியை மாற்றும்படி மட்டும்தான் கேட்டார்கள். அதாவது கதவை உடைத்தவர் வெளியே நிற்கிறார், பின்னால் வந்தவர்கள் உள்ளே போனார்கள். 1983-ல் கடைசி விநாடியில் ஹூஸ்டனை 54-52 என்று வீழ்த்திய நார்த் கரோலினா ஸ்டேட் அணிக்காரர்கள், தங்கள் படங்களை இத்தனை வருடம் காட்டிக் காசு பார்த்ததற்காக 2024-ல் வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று 2025-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காலம் கடந்துவிட்டதாம். காட்டுகிறவர்களுக்கு மட்டும் கடக்கவே இல்லை. மார்ச் மாதம் வந்தால் எட்னியின் அந்த 4.8 விநாடி இன்றைக்கும் டிவியில் ஓடுகிறது. சரக்கு 30 வருடமாக விற்கிறது என்றால், கூலி கேட்கிற உரிமை மட்டும் எப்படிக் காலாவதி ஆகும்?

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய ஆட்டத்தை எப்போது விற்றாலும், விளம்பரத்தில் எப்போது காட்டினாலும், ஆடியவருக்கு ஒரு பங்கு. சினிமாவுக்கும் பாட்டுக்கும் ராயல்டி உண்டு, இதற்கு ஏன் கூடாது? அதுவரைக்கும் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமை பேசுகிறவர்கள், பக்கத்திலேயே ஒரு கணக்குச் சீட்டையும் எழுதி வைக்கட்டும். 31 வெற்றி, 2 தோல்வி. ஆட்டக்காரர் பாக்கி: இன்னும் கொடுக்கப்படவில்லை.