ஆயிரம் வோட்ஸ் என்று எழுதினால் ஆயிரம் வோட்ஸ் ஆகிவிடுமா?

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஒரு நண்பர், பெருநாள் முற்பணத்தை முதல் கட்டணமாகக் கட்டி, மீதியை 18 மாதத் தவணைக்குப் போட்டு, வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் செட் எடுத்தார். பெட்டியில் பெரிய எழுத்தில் 1000 வோட்ஸ் என்று இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு செட்டில் 600 என்றுதான் இருந்தது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. "யோசிக்கவே தேவல்ல சேர், ஆயிரத்தையே எடுங்க" என்றார் கடைத் தம்பி. எடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் போகவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் பேசுகின்ற குரல் கிழிகிறது. அடி விழுகின்ற இடமெல்லாம் தகரத்தில் தட்டுவது போலக் கேட்கிறது. திரும்பக் கடைக்குப் போனார். "செட்ல பிழையில்ல சேர். உங்கட ஹோலுக்கு இது காணாது. ரிசீவர் ஒண்டு வந்திருக்கு, ஒரு சனலுக்கு 150 வோட்ஸ். இதத் தந்துட்டு மேல கொஞ்சம் போட்டு அத எடுங்க" என்று பதில் வந்தது. அந்தக் "கொஞ்சம்" அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட.

கையேட்டையும், செட்டின் பின்பக்கத்தைப் பிடித்த ஃபோன் படத்தையும் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தார். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பார்த்தோம். பின்பக்க ஸ்டிக்கரில் இருந்தது இவ்வளவுதான்: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 80 வோட்ஸ்.

முன்பக்கம் 1000. பின்பக்கம் 80. ஒரே சாமான்.

இந்த இரண்டு எண்களையும் நாங்கள் தரம் 11 வகுப்பில் கரும்பலகையில் எழுதினோம். சுவரிலிருந்து 80 வோட்ஸ் எடுக்கின்ற ஒரு பெட்டி 1000 வோட்ஸை எப்படி வெளியே தரும் என்று கேட்டோம். சக்திக் காப்பு படித்த பிள்ளைகள். "தர ஏலாது சேர்" என்று வகுப்பே சொன்னது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் எழுந்து கேட்டான்: "அப்ப பெட்டியில அப்பிடி எழுதலாமா சேர்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதலில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். பின்பக்க எண்ணை வைத்து மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒலிச் சாதனங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு நியமங்களின்படி, மின்நுகர்வை அளப்பது சாதனத்தை முழு வலுவில் ஓடவிட்டு அல்ல. திரிபில்லாத உச்ச வலுவின் எட்டில் ஒரு பங்கில் ஓடவிட்டு. காரணம், பாட்டோ படமோ எந்நேரமும் உச்சத்தில் ஓடுவதில்லை. ஆகவே நல்ல ரிசீவர் ஒன்று, ஸ்டிக்கரில் உள்ளதை விடக் கூடுதலான வலுவைச் சிறிது நேரத்துக்குத் தரலாம்.

சரி, அந்தச் சலுகையையும் கொடுத்தே பார்ப்போம். 1000இன் எட்டில் ஒன்று 125. வெப்பமாகப் போவதைக் கணக்கில் எடுக்காமலே 125. ஸ்டிக்கரில் இருப்பதோ 80. எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

அப்படியானால் அந்த 1000 எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் ரேடியோ கசெட் செட்டுகளில் பீ.எம்.பீ.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள். நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உச்ச இசை வலு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உள்ளே இருக்கின்ற கப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னை வைத்து, கண் இமைக்கின்ற நேரத்துக்குள் எவ்வளவு பாயலாம் என்று ஒரு கணக்கு. அதை அளப்பதற்குப் பொதுவான நியமம் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மாதிரிக் கணக்குப் போட்டார்கள். இன்று அந்தப் பெயர் குறைந்துவிட்டது. பழக்கம் போகவில்லை.

இனி அந்த 150 வோட்ஸ் ரிசீவருக்கு வருவோம். இது முழுப் பொய் அல்ல. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இப்படியான ரிசீவர்களின் கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், ஒரே அம்ப்ளிஃபயருக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கும். உதாரணமாக:

80 வோட்ஸ்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, திரிபு 0.08 வீதம், இரண்டு சனல் ஓடும்போது.

150 வோட்ஸ்: 6 ஓம், 1,000 ஹேர்ட்ஸ் மட்டும், திரிபு 10 வீதம், ஒரு சனல் ஓடும்போது.

பெட்டியின் முன்பக்கத்துக்கு எது வரும் என்று சொல்லத் தேவையில்லை. 80 எப்படி 150 ஆகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒன்று, ஓம். வலு என்பது வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுப்பது. 20 வோல்ட்டை 8 ஓமுக்குக் கொடுத்தால் 50 வோட்ஸ். அதே 20 வோல்ட்டை 6 ஓமுக்குக் கொடுத்தால் ஏறத்தாழ 67. 4 ஓம் என்றால் 100. அம்ப்ளிஃபயரில் எதையும் மாற்றவில்லை. எதிரே வைத்த ஸ்பீக்கரைத்தான் மாற்றினோம். உங்கள் வீட்டு ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் அந்த 6 ஓம் எண்ணால் உங்களுக்குப் பயனில்லை.

இரண்டு, திரிபு. 10 வீதத் திரிபு என்றால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டு, சத்தம் கிழிந்து போகின்ற நிலை. நண்பரின் வீட்டில் கேட்டது அதுதான். 1 வீதத்தில் நிறுத்தாமல் 10 வீதம் வரை போக விட்டால், கடதாசியில் மட்டும் நான்கில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் மேல் கூடிவிடும். கேட்க முடியாத சத்தத்தையும் சேர்த்து எண்ணி விற்கிறார்கள்.

மூன்று, மீடிறன். 1,000 ஹேர்ட்ஸில் ஒரு ஒற்றைத் தொனியைக் கொடுப்பது அம்ப்ளிஃபயருக்கு இலகு. வலுவை உறிஞ்சுவது கீழ்த் தொனிகள்தான். 20 ஹேர்ட்ஸ் வரை இறங்கி அளந்தால்தான் உண்மை தெரியும்.

நான்கு, எத்தனை சனல். இதுதான் பெரிய விடயம். வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். ஒரு குழாயைத் திறந்தால் பாய்ந்து வரும். ஏழு குழாயையும் ஒன்றாகத் திறந்தால்? ரிசீவருக்குள் ஏழு அம்ப்ளிஃபயர் இருந்தாலும் அவற்றுக்குப் பொதுவாக ஒரே டிரான்ஸ்போமர்தான். ஒரு சனலை மட்டும் ஓடவிட்டு அளந்த 150ஐ ஏழால் பெருக்கி 1050 என்று நினைப்பது, ஒரு குழாயில் வந்த தண்ணீரை ஏழால் பெருக்குவது போன்றது. எல்லா சனலும் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கணிசமாகக் குறையும்.

இதிலும் நியாயமாகப் பேச வேண்டும். படம் பார்க்கும்போது ஏழு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் உச்சத்தில் கத்துவது அரிது. அதனால் ஒரே தாங்கியை வைத்து ஏழு குழாய் போடுவது பிழையில்லை. ஒரு குழாயின் எண்ணைக் காட்டி ஏழின் விலையை வாங்குவதுதான் பிழை.

இன்னொரு விடயத்தையும் விளங்கிக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம். வலுவை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 50 வோட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்குத் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கு என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வலு தேவை. 80ஆ 100ஆ என்று கடையில் நின்று தலையைப் பிய்ப்பதில் பொருளே இல்லை.

அதைவிட ஸ்பீக்கரின் உணர்திறனைப் பாருங்கள். ஒரு வோட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபல் தருகின்ற ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் தருகின்ற ஒன்றை எடுத்தால், அம்ப்ளிஃபயரின் வலுவை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். சாதாரண ஹோல் ஒன்றில் பிள்ளைகள் படுத்த பிறகு படம் பார்க்கின்ற சத்தத்துக்கு ஒன்றிரண்டு வோட்ஸே போதும். மீதியெல்லாம் திடீரென்று வரும் வெடிச் சத்தத்துக்கான கையிருப்பு.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். எழுதலாமா?

அமெரிக்காவில் இதே குழப்பம் இருந்தது. 1974இல் அங்குள்ள சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டு அம்ப்ளிஃபயரின் வலுவை விளம்பரப்படுத்தினால், தொடர்ந்து தரக்கூடிய வலுவைச் சொல்ல வேண்டும். எந்த ஓம், எந்த மீடிறன் வீச்சு, எவ்வளவு திரிபு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றது. அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். நிபந்தனையைச் சொன்னால் போதும்தானே என்று தங்களுக்கு வசதியான நிபந்தனையைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் 2024இல் விதியை இறுக்கி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ், திரிபு 1 வீதத்துக்கு மேற்படாமல் என்று ஒரே அளவுகோலை வைத்தார்கள்.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. பொருட்களில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று பணிப்புரை விடுக்கும் அதிகாரமும் அந்தச் சபைக்கு இருக்கிறது. சந்தையில் வெங்காயம் நிறுக்கின்ற தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். ஒரு கிலோவில் ஐம்பது கிராம் குறைந்தால் குற்றம். வோட்ஸும் ஓர் அளவுதானே? எண்பதை ஆயிரம் என்று எழுதினால் மட்டும் அது எப்படி வெறும் "விளம்பரம்" ஆகும்?

நமது கருத்து இதுதான். இறக்குமதி செய்பவர் பெட்டியில் ஒரு வரி ஒட்ட வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும்: 8 ஓமில், முழு மீடிறன் வீச்சில், இரண்டு சனல் ஓடும்போது ஒரு சனலுக்கு இவ்வளவு வோட்ஸ். அதைப் பெரிய எழுத்தில் போடட்டும். மற்றதை எல்லாம் விரும்பினால் சின்ன எழுத்தில் போடட்டும். கடைத் தம்பியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரும் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்கிறார். ஆனால் நுகர்வைக் குறிக்கும் ஸ்டிக்கரை முதலாளிமாரும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். அளவையில் நேர்மை என்பது நமது சமூகத்து வியாபாரிகளுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமல்ல.

அந்த வரி வரும் வரைக்கும், கடைக்குப் போகும்போது நான்கு கேள்வி கேளுங்கள்:

1. இந்த வோட்ஸ் தொடர்ந்து தருவதா, உச்சமா? ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருந்தாலும் அதோடு நிற்காதீர்கள்.

2. எத்தனை சனல் ஓடும்போது, எத்தனை ஓமில், எத்தனை வீதத் திரிபில்? கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

3. பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வோட்ஸ்? பெட்டியில் உள்ள மொத்த எண்ணை எட்டால் வகுத்து ஒப்பிடுங்கள். ரிசீவரைத் தூக்கியும் பாருங்கள். டிரான்ஸ்போமர் நல்லதென்றால் பாரம் கையில் தெரியும். டிஜிட்டல் என்று சொல்லப்படும் கிளாஸ் டி வகைக்கு மட்டும் இது பொருந்தாது. அவை பாரமில்லாமலும் வலுவாக இருக்கலாம்.

4. எந்த ஓம் ஸ்பீக்கரை இது தாங்கும்? செட்டோடு வருகின்ற 3 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர்களைக் கழற்றி, 6 ஓமுக்குக் கீழ் போடக் கூடாத ரிசீவரில் மாட்டினால் சூடாகி நின்றுவிடும்.

ஜப்பானிலிருந்து வருகின்ற பாவித்த ரிசீவர் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்போமர் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நண்பர் செட்டை மாற்றவில்லை. ஸ்பீக்கர்களை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, காது மட்டத்துக்கு வைத்தார். சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் கூட்டுவதை நிறுத்தினார். இப்போது குரல் கிழியவில்லை. ஆனால் அது 1000 வோட்ஸ் செட் அல்ல; 1000 வோட்ஸுக்கான தவணைதான் இன்னும் 15 மாதம் கட்டக் கிடக்கிறது.

அந்த மாணவனுக்கு மறுநாள் வகுப்பில் பதில் சொன்னோம்: "எழுதக் கூடாது மகன். ஆனா நாம திருப்பிப் பார்க்காம வாங்குற வரைக்கும் எழுதுவாங்க."

இன்று வீட்டுக்குப் போய் உங்கள் செட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்னுக்கு என்ன, பின்னுக்கு என்ன என்று இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வலு என்ற பாடம் அவர்களுக்கு அதற்குப் பிறகு மறக்காது.