பந்தும் பணப்பையும்

விளையாட்டு மைதானத்தில் செல்வரும் வறியரும் சமமே, அங்கே திறமையொன்றே பேசும் என்பது பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் வாசகம். மேடையில் வீற்றிருப்போருக்கு அது இனிமையானது. ஏனெனில், எதையேனும் கொடுத்துதவும் கடப்பாட்டிலிருந்து அது அவர்களை விடுவித்துவிடுகின்றது. பரந்தன் போன்றதோர் ஊரின் விளையாட்டுக் கழகம் தோற்றால் அதற்குத் திறமை போதாது என்பர். வென்றால் வறுமை ஒரு தடையே அல்ல என்பர். எது நேரினும் பணப்பையின் மீது பழி விழுவதில்லை. இவ்வாசகம் எவ்வளவு தூரம் உண்மை என்பது ஆராயற்பாலது.

இக்கருத்தினர் விரும்பி எடுத்தாளும் உதாரணம் அமெரிக்காவினது. இலங்கைப் பாடசாலைகளில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தை ஒருவாறு ஒத்த பேஸ்போல் ஆட்டத்தில், 2002ஆம் ஆண்டு ஒக்லண்ட் நகர அணி தன் வீரர்களுக்கு வழங்கிய சம்பளம் ஏறத்தாழ 4 கோடி டொலர். நியூயோர்க் யாங்கீஸ் அணி வழங்கியதோ ஏறத்தாழ 12½ கோடி டொலர். அதற்குச் சற்று முன்னர்தான், 2001ஆம் ஆண்டின் இறுதியில், ஒக்லண்டின் முதன்மை வீரரான ஜேசன் ஜியாம்பியை நியூயோர்க் கூடிய சம்பளம் கொடுத்துத் தன்பால் இழுத்துக்கொண்டது. அவ்வாறிருந்தும் 2002இன் பருவகால ஆட்டங்களில் இரு அணிகளும் ஈட்டிய வெற்றிகள் சமமானவை: ஒவ்வொன்றும் 103.

இது அற்புதமன்று; கணக்கு. அவ்வாட்டத்தில் அடிக்கவியலாதவாறு விலகி வரும் பந்துகள் நான்கினைப் பொறுமையுடன் விட்டுவிடும் வீரனுக்கு முதலாந் தளம் அடியின்றியே கிடைக்கும். ஓங்கி அடிப்பவனுக்கே சந்தையில் விலை அதிகம். பொறுமையுடையவனுக்கு விலை குறைவு. ஆனால் அணியின் ஓட்டங்களைப் பெருக்குவதில் பின்னவனின் பங்கும் பெரிதென்பதை ஏடுகள் காட்டின. ஒக்லண்டின் முகாமையாளர் பில்லி பீன் சந்தை மதியாத அவ்வாற்றலை மலிவாக வாங்கினார். மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய நூல் இதனை உலகறியச் செய்தது.

இலங்கையின் 1996 உலகக் கிண்ண வெற்றியும் இவ்வகையினதே. முதற் பதினைந்து ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரு களத்தடுப்பாளரே நிற்கலாம் என்ற விதி எல்லா அணிகட்கும் பொதுவாயிருந்தது. ஆயினும் பெரும்பாலான அணிகள் அவ்வேளையில் விக்கெட்டைக் காப்பதிலேயே கருத்தூன்றின. ஜயசூரியவும் களுவிதாரணவும் அவ்வேளையிலேயே அடித்தாடினர். மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியா வீழ்ந்தது. செல்வந்த அணிகள் காணத் தவறியதைக் காண்பதே வறிய அணியின் முதல் ஆயுதம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் மேடைப் பேச்சாளர் இவ்விடத்தில் கதையை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய பாதியே முக்கியமானது. ஒக்லண்டின் கணக்கைச் செல்வந்த அணிகளும் படித்தன. பொஸ்டன் அணி அக்கணக்கோடு தன் பணத்தையும் சேர்த்து, 86 ஆண்டுகளின் பின் 2004இல் வாகை சூடியது. பீனின் தலைமையில் ஒக்லண்ட் இறுதிக் கிண்ணத்தை ஒருமுறையேனும் வெல்லவில்லை. 1968 முதல் ஒக்லண்டில் ஆடிய அவ்வணி 2024ஆம் ஆண்டுடன் அந்நகரையே விட்டு நீங்கியது. வறியவன் கண்டுபிடித்ததைச் செல்வன் நாளை விலைக்கு வாங்குவான் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். அறிவு வறியவனுக்குச் சில ஆண்டுகால முந்துதலைத் தரும். நிலையான சமத்துவத்தைத் தராது.

அச்சமத்துவத்தைத் தரவல்லது எது? விதி. அமெரிக்காவிலேயே, விஸ்கொன்சின் மாநிலத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் கிறீன் பே என்னும் சிற்றூர் உண்டு. 1919இல் தோன்றிய அதன் அமெரிக்க உதைபந்தாட்ட அணி, பெருநகர அணிகளோடு பொருதி 13 தடவை வாகை சூடியுள்ளது. அந்த அணிக்குத் தனி முதலாளி இல்லை. பங்குதாரராகிய பொதுமக்களே உடைமையாளர். அவ்விளையாட்டில் தேசியத் தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படுகின்றது. வீரர் சம்பளத்துக்கு 1994 முதல் உச்ச வரம்பும் உண்டு. முதலாளித்துவத்தின் தலைநகரே தன் விளையாட்டைப் பொறுத்தவரை பங்கீட்டை ஏற்றுக்கொண்டது. ஏழையின் மீது கொண்ட இரக்கம் அதற்குக் காரணமன்று. முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்தைப் பார்க்க எவரும் வரமாட்டார் என்ற வியாபார அறிவே காரணம்.

இனிப் பரந்தனை நோக்குவோம். உலகக் கிண்ணம் வென்ற அதே 1996இன் பிற்பகுதியில் கிளிநொச்சி மக்கள் போரினால் ஊர் நீங்கினர். 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டுவந்து, வீட்டையும் வயலையும் வெறுந்தரையிலிருந்து கட்டியெழுப்பியவர் இப்பகுதியினர். ஒரே நாட்டினுள்ளும் ஓட்டத்தின் தொடக்கக் கோடு எல்லோருக்கும் ஒன்றாயிருந்ததில்லை. இத்தகைய ஊரில் ஒரு பிள்ளை நன்றாகப் பந்து வீசினால், அவன் வெளியூரின் பெரிய பாடசாலைக்கும் தலைநகரின் கழகத்துக்கும் போவதையே ஊரும் உறவும் விரும்பும். அவன் போவதில் தவறில்லை. அவனை உருவாக்கிய கழகத்துக்கு ஒரு பந்துகூடத் திரும்பி வராததே தவறு.

பரந்தனுக்கு இதனை விளக்க வெளியூர் உவமை வேண்டியதில்லை. 1950களில் உருவான இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் ஆக்கிற்று. உப்பு மூட்டையாக வெளியேறியிருப்பின் உப்பின் விலையே எஞ்சியிருக்கும். ஊரிலேயே பண்டமானதால் வேலையும் ஊதியமும் ஊரில் தங்கின. போர் அத்தொழிற்சாலையை மூடிற்று. இன்று திறமை என்னும் உப்பு மூட்டை மூட்டையாகப் போகின்றது, விலைகூடக் கொடுக்கப்படுவதில்லை.

ஊரின் பெயரும் அவ்வாறே எடுத்தாளப்படுகின்றது. லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் வென்றது. அந்த ஆண்டுகளில் ஓர் ஆட்டமேனும் வடமாகாணத்தில் நடைபெறவில்லை. வியாஸ்காந்த் போன்ற ஓரிருவர் தவிர வடக்கின் இளைஞர் அவ்வணியில் இடம்பெற்றதும் அரிது. பெயர் வடக்கினது, மைதானமும் வருமானமும் பிறவிடத்தன.

ஆதலின் செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, கழகத்தின் கையிலேயே உள்ளது. ஒவ்வோர் ஆட்டத்தையும் பந்து பந்தாகக் குறித்துவைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். எவன் அழுத்தமான வேளையில் நிதானிக்கின்றான், எவன் தடுக்கும் ஓட்டங்கள் கணக்கில் வராது போகின்றன என்பதை அக்கொப்பி சொல்லும். அறிவியல்நகரில் பல்கலைக்கழகப் பீடங்கள் இயங்கும் மாவட்டத்தில் இக்கணக்கைப் பார்க்க ஆளில்லை எனல் பொருந்தாது.

இரண்டாவது, உரிமைக் கோரிக்கை. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதிப்படி, வீரரொருவர் ஒப்பந்தக் காலத்தில் பணத்துக்கு வேறு கழகம் மாறும்போது அத்தொகையில் 5 வீதம் வரை, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குச் சேரவேண்டும். உலகம் ஏற்ற இந்நியாயத்தை இந்நாட்டின் உள்ளூர் விளையாட்டும் ஏற்கவேண்டும். பிள்ளையை எடுத்துச் செல்லும் கழகமும் பாடசாலையும், பந்தாகவோ பயிற்சியாளராகவோ மைதானமாகவோ, அவனை வளர்த்த ஊருக்குத் திருப்பிச் செலுத்தட்டும்.

கணக்கின்றிக் கோரிக்கை விடும் கழகம் இரந்து நிற்கும். கோரிக்கையின்றிக் கணக்கு மட்டும் பார்க்கும் கழகம் பிறர்க்கு வீரரை வளர்த்துக் கொடுக்கும். இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளும் கழகமே, திறமையொன்றே பேசும் என்ற மேடை வாசகத்தை உண்மையாக்கும் நாளை விரைவிற் கொணரும்.