மானிட்டர் சொன்ன பொய்யும் வெளுத்துப்போன வளைகாப்பு ஆல்பமும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கு வந்ததுக்குக் காரணம் சுத்தமான வயித்தெரிச்சல்.

தங்கச்சி வளைகாப்பு போட்டோவை நானே எடிட் பண்றேன்னு வாயை விட்டுட்டேன். அதுக்குன்னே புது மானிட்டர் வேற. சாதாரண மானிட்டரைவிட நிறைய வண்ணம் காட்டும் 'வைட் கேமட்' ரகம். பொட்டியில லினக்ஸ். படத்தைத் திறந்தா எல்லார் மூஞ்சியும் பழுத்த தக்காளி! கேமரா சொதப்பிடுச்சுன்னு நினைச்சு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சிவப்பைக் குறைச்சேன். திரையில சூப்பரா இருந்துச்சு. ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தா, அரக்குப் பட்டு செங்கல்பொடி கலர்ல இருக்கு. அம்மா ரெண்டு பக்கம் புரட்டிட்டு, "ஏன்டா, எல்லாரும் காய்ச்சல்ல கெடந்து எழுந்த மாதிரி இருக்காங்க?"ன்னாங்க. தங்கச்சி ஒண்ணுமே சொல்லலை. அதுதான் ஜாஸ்தி வலிச்சுது.

கேமரா மேல தப்பே இல்லைங்க. படத்துல இருக்கறது வெறும் எண்கள். சிவப்பு 255ன்னா எந்தச் சிவப்பு? 1996-ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த எஸ்ஆர்ஜிபி கணக்குல அது ஒரு சிவப்பு. என் மானிட்டர்ல அதே 255 இன்னும் அடர்த்தியான வேற சிவப்பு. நடுவுல யாராவது உட்கார்ந்து மொழிபெயர்க்கணும். அந்த வேலைதான் கலர் மேனேஜ்மென்ட். மானிட்டரோட குணத்தை எழுதி வெச்ச ஜாதகம்தான் ஐசிசி புரொஃபைல். ஆப்பிள்காரங்க கலர்சிங்க்னு 1993-லயே இதைக் கொண்டு வந்துட்டாங்க.

நம்ம பக்கம் ஆளே இல்லையான்னா, தாராளமா இருக்காங்க. லிட்டில்சிஎம்எஸ், ஆர்கில்சிஎம்எஸ் எல்லாம் அருமையான சரக்கு. ரிச்சர்ட் ஹியூஸ் எழுதின கலர்டி 2011-ல க்னோம் 3.2-க்குள்ளயே வந்துச்சு, செட்டிங்ஸ்ல 'கலர்'னு தனிப் பக்கத்தோட. மனுஷன் கலர்ஹக்னு மானிட்டரை அளக்கற குட்டிக் கருவியையே திறந்த ஹார்ட்வேரா செஞ்சு வித்தார். கோளாறு எங்கன்னா, எக்ஸ்11 காலத்து ஏற்பாட்டுல. டெஸ்க்டாப் புரொஃபைலை ஒரு ஓரமா வெச்சுட்டு, வேணுங்கறவன் எடுத்துக்கோன்னு ஒதுங்கிக்கும். கிம்ப், கிருத்தா, டார்க்டேபிள் எடுத்துக்கும். நான் வெச்சிருந்த குட்டி எடிட்டருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. கல்யாண வீட்டுல சமைச்சு வெச்சுட்டு பந்தியில பரிமாற ஆள் போடாத கதை.

என் கட்சி இதுதான்: மொழிபெயர்ப்பு டெஸ்க்டாப்போட வேலை. ஒவ்வொரு மென்பொருளோட நல்லெண்ணத்துக்கும் அதை விடக்கூடாது. எக்ஸ்11-க்குப் பதிலா வந்த வேலண்ட்ல எல்லா ஜன்னலும் கம்பாசிட்டர் வழியாத்தான் திரைக்குப் போகுது. எந்த ஜன்னல் எந்த மானிட்டர்ல நிக்குதுன்னு அதுக்குத்தான் தெரியும். மென்பொருள் "இது எஸ்ஆர்ஜிபி"ன்னு சொன்னாப் போதும். சொல்லலைன்னாலும் அப்படியே எடுத்துக்கலாம். இதுக்கான நெறிமுறையை 2020-ல முன்வெச்சு, 2025 பிப்ரவரியிலதான் உள்ளே சேர்த்தாங்க. அஞ்சு வருஷம்! அதையும் வேகமாத் தள்ளினதுல ஹெச்டிஆர் கேம் ஆசைக்குப் பெரிய பங்கு. (கேம் ஆடற புண்ணியவான்கள் வாழ்க :-))

மானிட்டரை அளக்கறவங்க கேக்கற ஒண்ணு மட்டும் நியாயம். அளக்கும்போது நடுவுல யாரும் கை வைக்காம எண் அப்படியே திரைக்குப் போகணும். அதுக்கு ஒரு வழி விட்டே ஆகணும். ஆனா அந்தச் சில பேருக்காக மத்த எல்லாரையும் தக்காளி மூஞ்சியோட விடறது என்ன நியாயம்?

மானிட்டரே தன்னோட வண்ண எல்லையை இடிஐடிங்கற தகவல்ல சொல்லிடுது. சிலது அதுலயும் புளுகும், ஒத்துக்கறேன். இருந்தாலும் ஒண்ணுமே இல்லாததுக்கு அந்தத் தோராயம் எவ்வளவோ மேல். கேடிஇ பிளாஸ்மா 6-ல அதை எடுத்துக்கற வசதி இருக்கு. என்ன, நான் தேடிப்போய் ஆன் பண்ண வேண்டியிருந்துச்சு. கேக்காமலே ஆன் ஆகியிருக்கணும்கறேன். எங்கம்மா நாளைக்கு ஒரு லேப்டாப் வாங்கினா, "ஐசிசி புரொஃபைல் போட்டியாம்மா?"ன்னா கேக்க முடியும்?

ஆன் பண்ணிட்டு பழைய ஒரிஜினல் படத்தைத் திறந்தேன். அரக்கு அரக்காவே இருந்துச்சு. மறுபடி முதல்லேர்ந்து 140 படம், பாதி முடிஞ்சிருக்கு. குழந்தைக்குப் பேர் வைக்கறதுக்குள்ள குடுத்துடறேன்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன்.