தரவு விஞ்ஞானப் பட்டம்: பிள்ளையிடம் எதைப் பரீட்சிக்கிறார்கள்?

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் கினிகத்தேனையிலும் எங்கள் பொல்பிட்டியவிலும் இப்போதெல்லாம் காதில் விழும் பெயர் 'டேட்டா சயன்ஸ்'. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளையின் வாப்பா நகையை அடகு வைத்தாவது தனியார் நிறுவனமொன்றில் சேர்த்துவிடுகிறார். கட்டணத்தை விசாரிக்கிறோம், பட்டம் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது என்று விசாரிக்கிறோம். பரீட்சை எப்படி நடக்கும் என்று மட்டும் கேட்பதில்லை.

என் தாத்தாவின் மகன் அப்படிப் படிக்கப் போனவன். போன விடுமுறைக்கு வந்தபோது, 'ஏ' எடுத்த ஒப்படை ஒன்றைப் பெருமையோடு காட்டினான். ஒரு மழைமானி நிலையத்தின் நாளாந்த வாசிப்புகளை வைத்து சராசரி மழைவீழ்ச்சியைக் கணக்கிடும் பைதன் நிரல் அது. நிரல் சுத்தமாக இருந்தது, வரைபடமும் அழகு. இடையில் ஒரு வரி மட்டும் என்னை நிறுத்தியது. வாசிப்பு எடுக்கப்படாத நாட்களின் வெற்றுக் கட்டங்களையெல்லாம் அது பூச்சியத்தால் நிரப்பியிருந்தது.

"ஏன் பூச்சியம்?" என்று கேட்டேன்.

"கோட் ஓடுதே மாமா, எரர் ஒண்டும் வரல்லையே" என்றான். அந்த வரியை எழுதியது சாட்ஜிபிடி என்பதையும் ஒளிக்கவில்லை.

ஐந்து நாள் வாசிப்பு 40, 60, வெற்று, 50, வெற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அளந்த மூன்று நாட்களின் சராசரி 50 மில்லிமீற்றர். வெற்றைப் பூச்சியமாக்கினால் 30. அளக்காத நாள் வேறு, மழை பெய்யாத நாள் வேறு. லக்ஷபான குளத்து நீரில் 1969 முதல் மின்சாரம் எடுக்கும் ஊரில், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இரவில் வீட்டை விட்டு வெளியேறும் சனங்கள் மத்தியில், இந்த 20 மில்லிமீற்றர் சின்ன விஷயமல்ல. கணினி இதைப் பிழை என்று சொல்லாது. தரவு விஞ்ஞானத்துக்கான நிரலாக்கத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்: நிரல் தடங்கலின்றி ஓடியும் விடை பிழையாக இருக்கலாம். வீட்டில் செய்து ஒப்படைக்கும் வேலைக்கு மட்டும் புள்ளி போட்டால் அந்தப் பிழை யாருக்கும் தெரியாமலே 'ஏ' எடுத்துவிடும்.

அப்படியானால் பழையபடி தாளில் எழுத வைப்பதா? நம் உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் பைதன் இருக்கிறது, ஆனால் பரீட்சை தாளில்தான். தாளில் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்துத் திருத்த முடியாது. விட்டுப்போன முக்காற்புள்ளியை இயந்திரம் ஒரு நொடியில் காட்டித் தந்திருக்கும். உண்மையான தரவுக் கோப்பைத் தாளில் திறக்கவும் முடியாது. மனனம் கைகொடுக்கும் பரீட்சை அது.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய நிரலாக்கம், தரவு விஞ்ஞானப் பட்டம் நமக்குப் பார்க்கத்தக்க உதாரணம். ஜே.இ.இ. இல்லாமலே சேரலாம். நான்கு வாரம் படித்து, தகுதிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பாடம் இணையத்தில், எழுத்துப் பரீட்சை நேரில் நிலையத்தில். வாராந்த ஒப்படைகள் பரீட்சை எழுதும் தகுதியைத் தருகின்றன. பைதனுக்குக் கண்காணிப்பின் கீழ் கணினியிலேயே நிரல் எழுதும் பரீட்சை தனியாக உண்டு. செயற்றிட்டப் பாடங்களில் வாய்மொழிப் பரீட்சையும் இருக்கிறது.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹிப்ழ் மத்ரஸாவில் பிள்ளையை ஓதவிட்டவர்களுக்கு இது புதிதல்ல. உஸ்தாத் நடுவில் ஓர் ஆயத்தை எடுத்துக்கொடுத்து "இதிலிருந்து ஓது" என்பார். அங்கே யாரும் இரவல் வாங்கி ஓத முடியாது. அதுபோல மாணவனின் நிரலில் ஒரு வரியைத் தொட்டு "இதை ஏன் போட்டாய்? எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று பத்து நிமிடம் கேட்டால் போதும். சாட்ஜிபிடியைத் தடை செய்யவும் தேவையில்லை. பாவிக்கட்டும், பாவித்ததை விளக்கட்டும்.

செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. 200 மாணவர்களுக்குப் பத்து நிமிடம் என்றால் 33 மணித்தியாலத்துக்கு மேல். ஒரு விரிவுரையாளரால் முடியாது. உதவி விரிவுரையாளர்கள் வேண்டும், அல்லது ஒவ்வொரு ஒப்படைக்கும் சீட்டுக்குலுக்கி ஒரு பகுதியினரை மட்டும் அழைக்க வேண்டும்.

மொழியும் இருக்கிறது. வாய்மொழிப் பரீட்சை ஆங்கிலத்தில் மட்டும் என்றால், தோட்டப்புறப் பாடசாலையிலும் நம் முஸ்லிம் வித்தியாலயங்களிலும் தமிழில் படித்து வந்த பிள்ளை வெற்றுக் கட்டத்தைப் புரிந்திருந்தும் ஊமையாகிவிடும். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், சரி. அதை ஆங்கிலப் பாடத்தில் பரீட்சிக்கட்டும். தரவைப் பற்றிய கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல முதலாம் வருடத்திலாவது இடம் தரலாம். மடிகணினி இல்லாத பிள்ளைக்கு மாலையில் ஆய்வுகூடம் திறந்திருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். அது இல்லாமல் கணினிப் பரீட்சை வைத்தால் வசதி உள்ளவனுக்குத்தான் சாதகம்.

போன மாதம் ஊர்க்காரர் ஒருவர் மகளைச் சேர்க்கக் கொழும்புக்குப் போனார். நான் சொல்லிக் கொடுத்த கேள்வியை வரவேற்பு மேசையில் கேட்டிருக்கிறார்: "பிள்ளை எழுதின புரோகிராமைப் பற்றி யாராவது நேரில கேள்வி கேப்பாங்களா?" அங்கிருந்தவர் கையேட்டை இரண்டு தடவை புரட்டிவிட்டு, தவணைக் கட்டண அட்டவணையை எடுத்து நீட்டினாராம்.