ஏ.எல்.பி. கூடினால் ஈரல் பழுதா?



கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த இரத்தப் பரிசோதனை றிப்போட்டை நீட்டி, "இதில ஒண்டு கூடிப்போய்க் கிடக்குதாம், ஈரல் பழுதாப் போச்சோ?" என்று பயத்தோடு கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த 'ஒண்டு' பல நேரங்களில் ஏ.எல்.பி., அதாவது அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்னும் நொதியம். அவர்களுக்காகவே இந்தப் பக்கம்.

இந்த நொதியத்துக்கு ஈரல் மட்டும் சொந்தவீடு அல்ல. 1923இல் இலண்டனில் றொபேட் றொபிசன் என்ற ஆய்வாளர் இதன் வேலையை விளக்கியதே வளரும் எலும்பை வைத்துத்தான். எலும்பைக் கட்டும் கலங்கள், ஈரலின் பித்தக் குழாய்கள், குடல், கர்ப்பிணியின் நச்சுக்கொடி என்று பல இடங்களிலிருந்து இது இரத்தத்துக்கு வருகிறது. வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 40 முதல் 130 வரை சாதாரண அளவு. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும். உயரம் போடும் வயதுப் பிள்ளைக்கு இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணிக்கும், முறிந்த எலும்பு பொருந்திக்கொண்டிருப்பவருக்கும் கூடும். இவற்றுக்காக யாரும் நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை.

ஈரல்தான் காரணமா என்று அறிய வைத்தியர் ஜி.ஜி.ரி. என்ற இன்னொரு பரிசோதனை எழுதுவார். இரண்டும் சேர்ந்து கூடினால் பித்தக் குழாயில் அடைப்போ வீக்கமோ என்று ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள். கண் மஞ்சளித்தவுடன் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் வீட்டில் இருக்கவேண்டாம். குழாயை அடைத்த கல் அதற்குக் கரையாது.

வன்னியில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 1990களில் வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடம் கவனிக்கப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இன்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடும்பங்களை வாட்டுகிறது. வெயிலில் வயலில் நின்ற உடம்பு அவர்களுடையது. தொடக்கத்தில் இந்த நோய் நோவு காட்டாது. சிறுநீரகம் தளர்ந்தால் உப்பும் யூரியாவும் மட்டும் தேங்குவதில்லை. பொஸ்பேற்றும் தேங்குகிறது. வெயிலில் தோல் உண்டாக்கும் விற்றமின் டியை உடம்புக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றும் வேலையும் குறைகிறது. அதனால் இரத்தத்தில் கல்சியம் இறங்குகிறது. உடனே கழுத்தில், தைரொயிட்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சின்னஞ்சிறு பராதைரொயிட் சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவை எலும்பிலிருந்து கல்சியத்தை இழுத்து இரத்தத்துக்குக் கொடுக்கின்றன. எலும்பு கரைவதும் திரும்பக் கட்டப்படுவதும் வேகமாக நடக்க, ஏ.எல்.பி. ஏறுகிறது. இடுப்பு நோவு, கால் உளைவு, நாரி நோவு என்று எண்ணெய் பூசிக்கொண்டிருப்பவரின் உண்மைக் கதை சில வேளை இதுவாக இருக்கும்.

அதனால்தான் சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குக் கல்சியம், பொஸ்பேற்று, பராதைரொயிட் ஹோர்மோன் ஆகியவற்றோடு ஏ.எல்.பி.யையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டல் சொல்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள். "என்ரை எலும்புக்கும் ஏதும் பாக்கவேணுமோ டொக்டர்?" என்று ஒரு கேள்வி கூடக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வரிசை நீண்டிருக்கும், வைத்தியர் களைத்திருப்பார், ஆனாலும் கேளுங்கள்.

இன்னொன்று. எலும்பு நோவுக்கென்று கடையில் கல்சியம் குளிசையை நீங்களாக வாங்கி விழுங்கவேண்டாம். சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் அது இரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடும். எவ்வளவு, எப்போது, சாப்பாட்டோடா என்பதையெல்லாம் வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

பழைய றிப்போட்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஒரு தடவை வந்த எண்ணைவிட, ஆறு மாதத்துக்கு முன்னிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் வைத்தியருக்கு விளக்கம் கிடைக்கும். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்வியுங்கள். றிப்போட்டில் விளங்காத சொல் ஏதும் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அறிந்த வைத்தியரிடம் கேட்டு அடுத்த இதழில் விளக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்